மரத்திலும் இல்லை, மண்டையிலும் இல்லை: அப்படியானால் வட்டம் எங்கே?

கேள்வி: திருப்பூர் வாசகர், ஏப்ரல் 3

"இருப்பது சடப்பொருள் ஒன்றுதான். மனம் என்பது மூளை செய்கிற வேலைக்கு நாம் வைத்த பேர். எண், வட்டம், நியாயம் இதெல்லாமும் பேர்கள்தான். பேருக்குப் பின்னால் எதுவும் கிடையாது. ஒப்புக்கொள்ளாதவர்கள் இருந்தால், அந்த வட்டம் எங்கே இருக்கிறது என்று இடத்தைக் காட்டட்டும்."

ஏப்ரல் 4, இரவு 10.40

நான் ஒப்புக்கொள்ளவில்லை. இடத்தையும் காட்டப்போவதில்லை. ஆனால் பேர்தான் என்பதை விடமுடியாது.

கோவை கணபதியில் பேட்டர்ன் பட்டறை வைத்திருக்கிறேன். பம்புக்கு வேண்டிய இம்பெல்லர், கேசிங் எல்லாம் பவுண்டரிக்காரர்கள் வார்ப்பதற்கு முன்னால் மரத்தில் அச்சு வேண்டும் அல்லவா, அதைச் செய்துகொடுப்பது தொழில். தத்துவம் படிப்பதெல்லாம் ராத்திரியில். ஆனால் இந்தக் கேள்விக்குப் பாதிப் பதில் பகல் வேலையிலேயே கிடக்கிறது.

ஒரு இம்பெல்லர். டிராயிங்கில் வெளிவிட்டம் 180 மி.மீ. நான் 180-க்கு மரம் கடைந்தால் அது அடுப்புக்குத்தான் ஆகும். காஸ்டிங் வந்தபிறகு லேத்தில் சீவ வேண்டும். பக்கத்துக்கு 3 மி.மீ. விட்டால் 186 ஆகிறது. வார்ப்பிரும்பு ஆறும்போது நூற்றுக்கு ஒன்று சுருங்கும். அதையும் சேர்த்தால் 187.86. இந்தக் கணக்கை வேலைக்கு வேலை போட்டுக்கொண்டிருக்க முடியாது என்றுதான் பேட்டர்ன்காரர்களுக்குத் தனி ஸ்கேல் இருக்கிறது. அதில் 100 என்று போட்டிருக்கும் கோடு நிஜத்தில் 101-ல் நிற்கும். தெரிந்தே பொய் சொல்கிற ஸ்கேல். அலுமினியத்துக்கு வேறு ஸ்கேல், அது சுமார் 1.3 சதவீதப் பொய். எஃகுக்குச் சுமார் 2.

இப்போது அந்த 180-ஐத் தேடுங்கள். மரத்தில் இல்லை. மண்ணில் இல்லை. ஊற்றி எடுத்த காஸ்டிங்கிலும் இல்லை. கடைசியில் லேத்தில் கடைந்து வெர்னியரில் பிடித்தால் 179.96 என்று காட்டுகிறது, பாஸ். 179.60 என்றால் ரிஜக்ட். எந்தப் பொருளிலும் இல்லாத 180, இத்தனை பொருளையும் வரிசையில் நிறுத்தி நீ சரி, நீ தப்பு என்கிறது. வெறும் பேருக்கு இந்த அதிகாரம் எங்கிருந்து வந்தது?

ஏப்ரல் 4, இரவு 11.15

படுக்கப் போகும் முன் ஒன்று. டிராயிங்கில் போடுகிற அளவெல்லாம் 20 டிகிரி செல்சியஸில் உள்ள அளவு என்று உலகம் முழுக்க ஒரு ஏற்பாடு இருக்கிறது. பங்குனி வெயிலில் பட்டறைக்குள் சாதாரணமாக 35 இருக்கும். அந்தச் சூட்டில் 180 மி.மீ. வார்ப்பிரும்பு ஏறத்தாழ 0.03 மி.மீ. பெருத்துப்போய் நிற்கும். ஆக நான் சரியென்று அனுப்புகிற துண்டுகூட, அளக்கிற நேரத்தில் சரியான அளவில் இருப்பதில்லை. இல்லாத குளிரில் அது என்னவாக இருக்குமோ, அதை வைத்துத்தான் பில் போடுகிறோம்.

ஏப்ரல் 5, இரவு 9.30

திருப்பூர் நண்பர் பதில் போட்டிருக்கிறார்: "180 என்பது டிராயிங் போட்ட இன்ஜினியர் மண்டையில் இருக்கிறது. மண்டை சடம். முடிந்தது கதை."

முடியவில்லைங்க. ஜெர்மன்காரர் கோட்லோப் ஃபிரெகெ 1884-ல் கணக்கின் அஸ்திவாரம் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். இதே பதிலைத்தான் அதில் பிரித்து மேய்கிறார். எண் என்பது மனசில் தோன்றுகிற ஒன்று என்றால், என் இரண்டு வேறு, உங்கள் இரண்டு வேறு. ஆளுக்கொரு இரண்டு. உலகத்தில் கோடிக்கணக்கான இரண்டுகள் அலைந்துகொண்டிருக்கும். அப்புறம் உங்கள் இரண்டையும் என் இரண்டையும் கூட்டினால் நான்கு வரும் என்று எவன் சொல்வது?

என் கையில் இருக்கிற டிராயிங்கைப் போட்டவர் எப்போதோ ரிட்டையராகிவிட்டார். அவர் 180-ஐ மறந்திருப்பார். மறந்தாலும் என் காஸ்டிங் ரிஜக்ட் ஆகத்தான் போகிறது. அவர் மண்டைக்குள் இருப்பது என் பட்டறை வரை கை நீட்டமுடியாது.

ஃபிரெகெ சொன்ன உதாரணம் பூமத்திய ரேகை. தொடமுடியாது, ஆனால் கற்பனை என்றும் தள்ளமுடியாது. நமக்கு அவ்வளவு தூரம் வேண்டாம். 11 டிகிரி வடக்கு அட்சரேகை கோவை நகரத்துக்குள்ளேயே ஓடுகிறது. யாரும் சுண்ணாம்பு போட்டு வைக்கவில்லை, மாநகராட்சி வரியும் வாங்கவில்லை. ஆனால் உங்கள் வீடு அதற்கு வடக்கா தெற்கா என்று கேட்டால், நீங்கள் தப்பான பதில் சொல்ல முடியும். தெருவே சேர்ந்து தப்பான பதில் சொல்ல முடியும்.

எனக்கு இது போதும். எதைப் பற்றி நாம் அத்தனை பேரும் ஒன்றுசேர்ந்து தப்பாக நினைத்திருக்க முடியுமோ, அது நம் மண்டைக்குள் மட்டும் குடியிருப்பதில்லை. எங்கே இருக்கிறது என்று கேட்காதீர்கள். இடம் இருந்தால்தான் இருப்பு என்பது நீங்கள் நிரூபிக்காமல் உள்ளே கொண்டுவந்த சரக்கு.

ஏப்ரல் 5, சற்று கழித்து

வட்டத்தை 360 ஆகப் பிரித்தது மனுஷன் செய்த ஏற்பாடுதானே என்று ஒருவர் கேட்கிறார். ஆமாம். 400 ஆகப் பிரித்திருந்தால் அந்தக் கோட்டுக்கு 11 என்று பேர் இருக்காது. கோடு நகர்ந்திருக்காது. பேர் நம்முடையது, மற்றது அல்ல. இதைப் பிறகு இன்னும் இறுக்க வேண்டியிருக்கும், மனசில் இருக்கிறது.

ஏப்ரல் 8, இரவு

இரண்டு நாளாக பவுண்டரியில் வேலை, இங்கே வரமுடியவில்லை. அங்கே நின்றதில் ஒன்று உறைத்தது.

மோல்டிங் பார்க்காதவர்களுக்காக: பலகை மேல் பேட்டர்னை வைத்து, பெட்டியைச் சுற்றி வைத்து, பார்ட்டிங் பவுடர் தூவி, பெண்டோனைட்டும் நிலக்கரித்தூளும் கலந்த ஈரமண்ணைப் போட்டு இடிப்பார்கள். முதலில் சலித்த மண், அப்புறம் சாதா மண். இடித்து முடித்துப் பெட்டியைப் புரட்டி, பேட்டர்னில் ஒரு கம்பியைச் செருகி நாலாபுறமும் மெல்லத் தட்டுவார்கள். தட்டினால்தான் மண் விடும். ஆனால் தட்டுகிறபோது குழி கொஞ்சம் பெருத்துப்போகும். அதற்கும் நாங்கள் பேட்டர்னில் ஒரு மயிரிழை குறைக்க வேண்டும். அப்புறம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நேராகத் தூக்குவார்கள். ஓரத்தில் ஒரு துளி உதிர்ந்தால் தண்ணீர்த் துணியால் ஒற்றிக் கரண்டியால் தடவிச் சரிசெய்வார்கள்.

தூக்கினபிறகு அங்கே என்ன மீதி? ஒன்றுமில்லை. ஒன்றுமில்லாத ஒரு இடம், இம்பெல்லர் வடிவத்தில். நான் மோல்டரிடம் இந்த விவாதத்தைப் பற்றிச் சொன்னேன். அவர் நிமிராமலே, "ஏனுங்ணா, நாங்க விக்கறதே ஓட்டதானுங். பவுண்டரிக்காரரு ஓட்டைக்குத்தான் காசு குடுக்கறாரு, இரும்பு அவருதுதானுங்" என்றார்.

அரிஸ்டாட்டில் கேட்டிருந்தால் இவரை வகுப்பெடுக்க வைத்திருப்பார். உயிரைப் பற்றிய நூலில் அவர் சொல்வது: புலன் அறிவது எப்படி என்றால், முத்திரை மோதிரத்தின் இரும்பையோ பொன்னையோ எடுத்துக்கொள்ளாமல் அதன் அச்சை மட்டும் மெழுகு வாங்கிக்கொள்கிறதே, அப்படி. பொருளை விட்டு வடிவத்தை மட்டும் வாங்குவது. இந்த மண் செய்வதும் அதுதான். தேக்கு வெளியே போய்விட்டது, தேக்கின் வடிவம் உள்ளே இருக்கிறது. அரைமணியில் அதில் இரும்பு வந்து உட்காரும். அச்சு மரம், குழி மண், வார்ப்பு இரும்பு. மூன்றிலும் ஊடே போவது எதுவோ, அது இந்த மூன்றில் எதுவுமல்ல.

அப்படியானால் பேட்டர்ன்தான் பிளேட்டோவின் ஆதி வடிவம் என்று சொல்லத் தோன்றும். வேண்டாம். பேட்டர்ன் தேயும். ஈர மண்ணில் இடித்து இடித்து ஓரம் மழுங்கி, பெயின்ட் போய், மறுபடி என் பட்டறைக்கே ரிப்பேருக்கு வரும். பிளேட்டோ குடியரசு நூலின் பத்தாம் பகுதியில் மூன்று கட்டில் சொல்கிறார்: கட்டிலின் உண்மை வடிவம், தச்சன் செய்த கட்டில், ஓவியன் வரைந்த கட்டில். பேட்டர்ன்காரன் அதில் தச்சன்தான். நடுவில் நிற்கிறவன். தொழிலில் எங்களுக்கு அதற்கு மேல் மரியாதை கிடைத்ததுமில்லை.

ஏப்ரல் 9

"குழி என்பது மண்ணின் விளிம்புதானே, அதை ஏன் தனிப்பொருளாக்குகிறீர்கள்" என்று பொள்ளாச்சியிலிருந்து ஒருவர். நம் பழைய தர்க்க மரபான நியாய வைசேஷிகக்காரர்கள் இல்லாமையையே ஏழாவது பதார்த்தமாக, அதாவது இருப்பவற்றின் ஏழாவது வகையாக வைத்தவர்கள். குடம் இல்லாத தரையைப் பார்க்கிறவன் தரையை மட்டும் பார்க்கவில்லை, குடத்தின் இன்மையையும் அறிகிறான் என்பது அவர்கள் கட்சி. நான் அவ்வளவு தூரம் போகத் தயாரில்லை. ஆனால் ஓட்டை விழுவதற்காகக் குழிக்குள் வைக்கிற மண் கட்டியான கோர் கொஞ்சம் நகர்ந்து, ஓட்டை இருக்க வேண்டிய இடத்தில் இரும்பு நின்றுவிட்டால் காஸ்டிங் போச்சு. இல்லாமைக்கு அளவு இருக்கிறது, டாலரன்ஸ் இருக்கிறது.

ஏப்ரல் 11, இரவு

திருப்பூர் நண்பரின் கட்சிக்கு உள்ள பெரிய பலத்தை அவரே இன்னும் எடுத்து வைக்கவில்லை. நானே வைக்கிறேன். தத்துவக்காரர் பால் பெனசெராஃப் 1973-ல் ஒரு கட்டுரையில் கேட்டது இது: எண்கள் இடத்திலும் காலத்திலும் இல்லை என்றால் அவை நம்மைத் தொடமுடியாது. கண்ணில் ஒளி விழுந்து மரத்தை அறிகிறோம். எண்ணிலிருந்து எதுவும் வந்து விழுவதில்லை. அப்படியிருக்க அதை எப்படி அறிந்தோம்?

ஒருவரும் திருப்தியாகப் பதில் சொன்னதாக எனக்குப் படவில்லை. ஹார்ட்ரி ஃபீல்டு என்பவர் எண்ணே இல்லாமல் விஞ்ஞானத்தை எழுதிக்காட்டுகிறேன் என்று 1980-ல் கிளம்பி நியூட்டனின் ஈர்ப்புக் கொள்கைக்குச் செய்தும் காட்டினார். அதைப் படித்தால் எண்ணை விட்டவர் அந்த இடத்தில் வெளியின் புள்ளிகளைக் கணக்கில்லாமல் கொண்டுவந்து நிறுத்துகிறார். கடனை அடைக்கக் கடன்.

இந்த இடத்தில் நம்ம ஊர்க்காரர் ஒருவரைக் கூப்பிட வேண்டும். ராமானுஜன் பிறந்தது ஈரோட்டில், 1887 டிசம்பர் 22, அம்மாவைப் பெற்றவர்கள் வீட்டில். கணக்கு நாமக்கல் நாமகிரித் தாயார் அருளால் வருகிறது என்று நம்பியவர். அவரைக் கேம்பிரிட்ஜுக்கு அழைத்த கணிதர் ஹார்டி கடவுள் இல்லை என்றவர். ஆனால் ஹார்டியும் 1940-ல் வந்த தன் புத்தகத்தில், கணித உண்மை நமக்கு வெளியே இருக்கிறது, நாம் கண்டுபிடிக்கிறோம், படைப்பதில்லை என்றே எழுதினார். அம்மனை நம்பியவரும் நம்பாதவரும் "வெளியே" என்பதில் ஒரே கட்சி.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது வேறு. பகா எண்களின் பரவல் பற்றி ராமானுஜன் இங்கிருந்து ஹார்டிக்கு எழுதி அனுப்பியவற்றில் பல தப்பாக இருந்தன. சிறிய எண்களுக்கு அற்புதமாகப் பொருந்தி, பெரிய எண்களில் சறுக்கியவை. அருள் வந்து சொன்ன கணக்கைக்கூட பகா எண்கள் ஏற்கவில்லை. தாயாரைக் குறை சொல்லவில்லை, நாமக்கல்காரர்கள் கோபிக்க வேண்டாம். ராமானுஜன் அளவுக்கு எண்ணோடு பழகின ஒருவர் முழு நிச்சயத்தோடு சொல்லியும் எண் அவருக்கு வளையவில்லை என்றால், அதை அவர் மூளையின் வேலை என்று எப்படிச் சொல்வது? மூளையின் வேலை மூளைக்குக் கட்டுப்பட வேண்டாமா?

ஏப்ரல் 14, காலை

புத்தாண்டு வாழ்த்தெல்லாம் வந்துகொண்டிருக்கிறது, நன்றி. கரூர் நண்பர் ஒருவர் மட்டும் வாழ்த்தாமல் சண்டைக்கு வந்தார்: "சைவ சித்தாந்தம் வளர்ந்த மண்ணில் உட்கார்ந்துகொண்டு மனசும் சடம் என்கிறவனுக்குப் பொறுமையாகப் பதில் எழுதுகிறீர்களே."

கரூரார் சற்று நிதானிக்க வேண்டும். சித்தாந்தத்தில் மனம் சடம்தான். மனம், புத்தி, அகங்காரம், சித்தம் நான்கும் அந்தக்கரணம், கருவிகள். மாயையிலிருந்து வருபவை. 36 தத்துவங்களில் அடக்கம். அறிகிறது உயிர், மனம் அதற்குக் கண்ணாடி மாதிரியான ஒரு சாதனம். சாங்கியத்தின் 25-லும் அப்படித்தான், புத்தி முதற்கொண்டு எல்லாம் பிரகிருதி என்கிற சடத்தின் பக்கம், அறிகிற உயிரான புருஷன் மட்டும் தனி. எங்கள் அப்புச்சி, அம்மாவின் அப்பா, பேரூரில் சித்தாந்தம் கேட்டவர். சின்னவயதில் நான் கோபத்தில் குதித்தால், "குதிக்கறது மாயை கண்ணு, நீ சும்மா பாரு" என்பார். கோபம் இரட்டிப்பாகும்.

ஆக "மனசு சடம்" என்று திருப்பூர்க்காரர் சொன்னால் மெய்கண்டார் வழி வந்த சித்தாந்த மரபு பதறாது. "அதோடு கணக்கு முடிந்தது" என்றால்தான் எதிர்க்கும். ஐரோப்பாவில் கோடு வேறு இடத்தில் விழுந்தது. பிரெஞ்சுத் தத்துவக்காரர் டெகார்த் 1641-ல் மனசை ஒரு பக்கம், நீள அகலமுள்ள சடத்தை மறு பக்கம் என்று வெட்டினார். 1643-ல் பொஹீமிய இளவரசி எலிசபெத் கடிதம் போட்டு ஒரே கேள்வி கேட்டார்: நீள அகலமே இல்லாத ஆன்மா உடம்பை எப்படி அசைக்கிறது? டெகார்த் சுற்றிச் சுற்றி எழுதினார், அம்மையார் விடவில்லை. மனசையும் கருவிப் பக்கம் தள்ளிவிட்டவர்களுக்கு இந்தக் கேள்வி வராது என்று நினைக்க வேண்டாம். சடத்துக்கும் அறிவுள்ள சித்துக்கும் எப்படி ஒட்டு என்று அவர்களும் பக்கம் பக்கமாக மல்லுக்கட்டியிருக்கிறார்கள். பிரச்சினை தீரவில்லை, ஒரு வீடு தள்ளிப் போயிருக்கிறது.

ஏப்ரல் 15, இரவு

கரூர் என்றதும் மணிமேகலை நினைவு வந்தது. சமயக்கணக்கர் பேசும் 27-ஆம் காதை நடப்பது வஞ்சியில். வஞ்சி கரூரா கொடுங்கல்லூரா என்ற சண்டையை இங்கே ஆரம்பிக்க வேண்டாம், நாம் கரூர் என்றே வைத்துக்கொள்வோம், வேறு எப்படி வைப்போம்?

அங்கே ஒரு பூதவாதி பேசுகிறான், நிலம் நீர் மாதிரியான பூதங்கள் மட்டும்தான் உண்டு என்கிறவன். ஆத்திப் பூவும் கருப்பட்டியும் மற்றதும் சேர்த்தால் கள்ளின் வெறி பிறக்கிறது. அதுபோலப் பூதங்கள் சேர்ந்தால் உணர்வு பிறக்கும். பிரிந்தால் பறையின் ஓசை மாதிரி அடங்கிப்போகும். கண்ணால் காண்பதுதான் பிரமாணம், ஊகம் செல்லாது. திருப்பூர் நண்பரே, உங்கள் கட்சிக்கு இங்கே ஆயிரம் வருஷத்துக்கு மேல் வயசு. மூளை விஞ்ஞானத்திலிருந்து இறக்குமதி செய்ய வேண்டியதே இல்லை.

மணிமேகலை அதைக் கேட்டுச் சிரித்துவிட்டு, உன் அப்பா அம்மாவை ஊகத்தால் அல்லாமல் எப்படி அறிந்தாய் என்று கேட்கிறாள். நல்ல அடி. ஆனால் கள் உதாரணத்தை அவள் தொடாமல் விட்டுவிட்டாள் என்று எனக்கு ஒரு ஆதங்கம். அது உண்மையிலேயே வலுவான உதாரணம். பூவில் போதை இல்லை, வெல்லத்தில் இல்லை, சேர்த்தால் இருக்கிறது. ஒன்றிலும் இல்லாதது கூட்டில் வரும் என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்?

நான் அங்கே இருந்திருந்தால் இப்படிக் கேட்டிருப்பேன்: கள்ளுக்கா போதை? பானை தள்ளாடிப் பார்த்திருக்கிறாயா? குடித்தவனுக்குத்தானே போதை. உணர்வு ஏற்கெனவே உள்ள ஒருவன் வந்து குடித்தால்தான் கள்ளில் போதை இருப்பதாகப் பேச்சு. நிரூபிக்க வேண்டியதை உதாரணமே கடன் வாங்கி வைத்திருக்கிறது. (கள்ளுக்குத் தடை நீக்கக் கேட்டு நம்ம பக்கம் விவசாயிகள் போராடுவது வேறு விஷயம், அதில் நான் பூதவாதி கட்சி.)

இன்றைக்கும் நிலவரம் அப்படியேதான். மூளையில் உணர்வு எப்படி எழுகிறது என்பது 25 வருஷத்தில் தெளிவாகிவிடும் என்று 1998-ல் மூளை விஞ்ஞானி கிறிஸ்டாஃப் காக், தத்துவக்காரர் டேவிட் சால்மர்ஸிடம் பந்தயம் கட்டினார். 2023-ல் காக் தோல்வியை ஒப்புக்கொண்டு பந்தயப் பொருளைக் கொடுத்தார். என்ன கொடுத்தார்? ஒரு பெட்டி ஒயின்.

ஏப்ரல் 16

என் அளவுகோலை வைத்து ஒரு நண்பர் மடக்கினார். "எல்லோரும் தப்பாக நினைக்க முடிவதுதான் உண்மையில் இருப்பது என்கிறீர்கள். எனக்குப் பல்வலி. அதைப் பற்றி நான் தப்பாக நினைக்க முடியாது. அப்படியானால் என் பல்வலி இல்லையா?"

இருக்கிறது, முதலில் டாக்டரைப் பாருங்கள். நான் சொன்னது மண்டைக்கு வெளியே நிற்பதற்கான அடையாளம். இருப்புக்கே அடையாளம் அல்ல. வலி இருக்கிறது, உங்களுக்கு மட்டும் இருக்கிறது. பல்லில் சொத்தை எங்கே என்பதில் நீங்கள் தப்பலாம். கடைவாய் வலிக்கிறது என்று நினைத்தால் சில சமயம் பக்கத்துப் பல்லாக இருக்கும். வலிக்கிறது என்பதில் தப்ப முடியாது. எண் ஒரு முனை, வலி மறு முனை. சடம் நடுவில் எங்கேயோ கிடக்கிறது. எல்லோரும் சடம்தான் உறுதியான தரை என்று பேசுகிறோம், எனக்கு வரவர அதுதான் மூன்றிலும் வழுக்கலாகத் தெரிகிறது.

ஏப்ரல் 18

சின்ன விஷயம். பல பசுக்களுக்கும் பொதுவான பசுத்தன்மை என்று ஒன்று உண்டா என்று கேட்டவருக்கு. பசுத்தன்மை என்று ஒன்று எல்லாப் பசுவிலும் நிஜமாக இருக்கிறது என்பது வைசேஷிகர். அப்படி ஒன்றுமில்லை, பசு அல்லாதவற்றைக் கழித்தால் மிஞ்சுவதற்குத்தான் பசு என்று பேர் என்பது திக்நாகர் வழிப் பௌத்தர். காங்கயம் கன்று பிறக்கும்போது செவலையாக இருந்து, ஆறு மாசத்தில் சாம்பல் நிறத்துக்கு மாறும். கண்ணபுரம் சந்தையில் செவலைக் கன்றைப் பார்த்து இது நல்ல சாம்பல் நிற மயிலையாக வரும் என்று விலை பேசுகிறவரிடம் போய், நீங்கள் பார்ப்பது காங்கயம் அல்லாதவற்றின் விலக்கு என்று சொல்லிப் பாருங்கள். துண்டுக்கடியில் கையைப் பிடித்து வேறு விலை சொல்வார்.

ஏப்ரல் 20, இரவு

ஈரோட்டில் மஞ்சள் வியாபாரம் செய்கிற ஒருவர்: "வட்டம், எண் எல்லாம் விடுங்க. எடை சடம்தான். தராசில் தட்டு இறங்கினால் இறங்கினதுதான், அங்கே எந்த ஐடியாவும் கிடையாது."

ஆஹா, நல்ல இடத்தில் வந்து மாட்டினீர்கள். 1889-லிருந்து ஒரு கிலோ என்றால் பாரிஸ் பக்கத்தில் பெட்டகத்துக்குள் கண்ணாடிக் கூண்டு போட்டு வைத்திருந்த ஒரு பிளாட்டினம் இரிடியம் கட்டி. அதன் எடை எதுவோ அதுதான் கிலோ. ஈரோட்டு மஞ்சள் மூட்டைக்கும் கடைசி முப்பாட்டன் அதுதான். நூறு வருஷத்தில் அதையும் அதன் நகல்களையும் ஒப்பிட்டபோது சுமார் 50 மைக்ரோகிராம் வித்தியாசம் வந்திருந்தது. எது குறைந்தது, எது கூடியது? கட்டி குறைந்தது என்று சொல்லவே வழியில்லை, ஏனென்றால் கட்டிதான் கிலோ. அது தேய்ந்தால், சட்டப்படி உலகம் முழுக்கக் கனத்துவிட்டது என்று அர்த்தம்! மீட்டருக்கு அளவாக வைத்திருந்த பாரிஸ் கம்பியைப் பற்றித் தத்துவக்காரர் விட்கென்ஸ்டைன் சொன்னதும் இதுதான்: அது ஒரு மீட்டர் நீளம் என்றும் சொல்லமுடியாது, இல்லை என்றும் சொல்லமுடியாது.

தப்பவே முடியாத ஒரு பொருள். அதாவது மேலே சொன்ன பல்வலியின் ஜாதி. சடத்திலேயே கெட்டியான சடம், உலோகக் கட்டி, இப்படி ஆகிப்போனதை நினைத்தால் சிரிப்பு வருகிறது.

2019 மே 20 முதல் கட்டிக்கு ஓய்வு கொடுத்துவிட்டார்கள். இப்போது இயற்கையில் மாறாத அளவுகளில் ஒன்றான பிளாங்க் மாறிலிக்கு ஒரு எண்ணை நிர்ணயித்து, அதிலிருந்து கிலோவை வரவழைக்கிறார்கள். பொருளை நம்பமுடியாமல் எண்ணிடம் போயிருக்கிறார்கள். திருப்பூர் நண்பர் துள்ளுவார், எண்ணை நிர்ணயித்தது மனுஷர்கள் ஓட்டுப்போட்டுத்தானே என்று. 2018 நவம்பரில் வெர்சாயில் ஓட்டுப்போட்டது வாஸ்தவம். கடைசி இலக்கத்தை எங்கே நிறுத்துவது என்பது மேஜையில் முடிவானது. ஆனால் அந்த மேஜையில் அவர்கள் இஷ்டத்துக்கு வேறொரு எண்ணைப் போட்டிருந்தால் உங்கள் கடைத் தராசும் என் வெர்னியரும் மறுநாளே அவர்களைக் காட்டிக்கொடுத்திருக்கும்.

ஏப்ரல் 23

5-ஆம் தேதி இறுக்க வேண்டும் என்று சொன்னது இதற்குத்தான். டிராயிங்கில் 180 என்று இருப்பதை, கம்பெனியில் ஒருவர் கையெழுத்துப் போட்டு 182 ஆக்கலாம், ரிவிஷன் 3 என்று மேலே ஒரு முத்திரை விழும். பகா எண்ணுக்கு ரிவிஷன் கிடையாது. இரண்டுமே தொடமுடியாதவை, இரண்டுமே மண்டைக்கு வெளியே நிற்பவை, ஆனால் ஒன்று செய்தது, ஒன்று கண்டது. தத்துவக்காரர் கார்ல் பாப்பர் பொருளுலகம், மன உலகம் இரண்டோடு மூன்றாவதாக ஒன்று வைத்தார்: கோட்பாடு, கணக்கு, இசை, எல்லாம் அங்கே. எண் வரிசையை மனுஷன் செய்திருக்கலாம், ஆனால் செய்து முடித்ததும் ஒற்றை, இரட்டை, பகா எண் எல்லாம் கேட்காமலே அதில் வந்து உட்கார்ந்துவிட்டன என்பது அவர் வாதம். நான் முழுக்க அவர் பக்கம் இல்லை. வரிசையையும் நாம் செய்தோமா என்பதில் எனக்குச் சந்தேகம். ஆனால் செய்ததற்குள்ளேயே காணவேண்டியது ஒளிந்திருக்கும் என்பதில் அவர் சொல்வது சரி.

ஏப்ரல் 26, இரவு

திருப்பூர் நண்பர் விடாமல்: "பகா எண் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? ஒரு எண்ணின் குணத்தால் நிலத்தில் ஒரு புல்லாவது முளைத்திருக்கிறதா?"

கோபிப் பக்கத்திலிருந்து ஒருவர் எனக்கு முந்தி பதில் கொடுத்துவிட்டார், "எங்க காட்டுக்கு வாங்க" என்று. கீழ்பவானி வாய்க்காலைச் சொல்கிறார். பவானிசாகரிலிருந்து வரும் தண்ணீர் மொத்தம் 2,07,000 ஏக்கர் ஆயக்கட்டுக்குப் போதாது. அதனால் மதகுகளை ஒற்றைப்படை, இரட்டைப்படை என்று பிரித்து, ஒரு போகத்துக்கு 1,03,500 ஏக்கர் என்று முறை வைத்துத் திறக்கிறார்கள். ஒரு முறைக்கு நெல், மறு முறைக்குக் கடலை மாதிரிப் புஞ்சைப் பயிர். பக்கத்துப் பக்கத்துத் தோட்டம், ஒரே மண், ஒரே வெயில். ஒன்றில் நாற்று நடுகிறார்கள், அடுத்தது தண்ணீரில்லாமல் காய்கிறது. என்ன காரணம்? ஒருவர் மதகு எண் இரண்டால் வகுபடுகிறது, மற்றவருடையது வகுபடவில்லை. ஒற்றைத்தன்மை வெறும் பேர் என்று அந்தத் தோட்டத்து வரப்பில் நின்று சொல்லிப் பாருங்கள்.

நண்பர் திருப்பி அடித்தார், நன்றாகவே அடித்தார்: "தண்ணீர் விட்டது எண் இல்லை, ஷட்டரைத் தூக்கின லஸ்கர், வாய்க்கால் ஊழியர்." சரிதான், எண் ஷட்டரைத் தூக்காது. ஆனால் லஸ்கர் ஏன் 17-ஐத் தூக்கினார், 18-ஐத் தூக்கவில்லை என்று கேட்டால் அவர் கை நரம்பை விவரித்துப் பதில் முடியாது. உத்தரவில் ஒற்றைப்படை என்றிருந்தது, 17 ஒற்றைப்படை. முதலாவது சென்னையில் போட்டது, இரண்டாவது யாரும் போட்டதில்லை. அமைச்சரே நினைத்தாலும் உத்தரவை மாற்றலாம், 17-ஐ இரட்டையாக்க முடியாது.

நியாயம் எந்தப் பக்கம் என்று கேட்டிருக்கிறீர்கள். பாதிப்பாதி என்று பிரித்தது நியாயமா என்பதில் நாம் எல்லோரும் தப்பாக இருக்கமுடியுமா? முடியும் என்றுதான் தோன்றுகிறது. கடைமடைக்காரர்களைக் கேட்டால் முடியும் என்று உடனே சொல்வார்கள். அதற்கு மேல் அதில் எனக்குப் பிடிமானம் இல்லை, தனியாக ஒரு இழை தொடங்குங்கள், வருகிறேன்.

கோபிக்காரர் கடைசியாக ஒரு கேள்வி போட்டிருக்கிறார், அதற்கு மட்டும் பதில் சொல்லிவிடுகிறேன். 16-க்கும் 17-க்கும் நடுவில் புதிதாக ஒரு மதகு வைத்து அதற்கு 16-ஏ என்று பேர் கொடுத்தால் அது ஒற்றையா இரட்டையா? அதைப் பிளேட்டோவும் சொல்லமாட்டார், ராமானுஜனும் சொல்லமாட்டார். செயற்பொறியாளர் ஆபீசில் மனுக் கொடுத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.